மூன்று குதிக்கு நிகரான விசை

எங்கள் பணிமனையில் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்க இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆயிற்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்வதற்கென்று ஒரு படிவம் உண்டு. அது இப்போது கைவசம் இல்லை, அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அங்கே கொள்முதல் பிரிவில் தட்டச்சு செய்பவள். கூட்டம் நடக்கும்போது சுவரோரம் உட்கார்ந்து, பெரியவர்கள் பேசுவதைக் குறித்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் பேசியிருக்க வேண்டுமோ அப்படி மாற்றி எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். "நான் இப்படிச் சொல்லவில்லையே" என்று யாரும் ஒரு தாளைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை.

பேருந்துகளின் சக்கரம் கழற்றும் கொட்டகை என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே வேலை செய்த இருவரையும் பிடி, மிதி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பேருந்தின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பத்து நட்டு. வெயிலிலும் மழையிலும் ஓடித் துருவேறி இறுகிப்போன நட்டு. அதில் ஸ்பேனரை மாட்டி, ஸ்பேனரின் கைப்பிடியில் நாலடி இரும்புக் குழாய் ஒன்றைச் செருகுவார்கள். ஸ்பேனர் நழுவாமல் ஒருவர் இரண்டு கையாலும் நட்டோடு அழுத்திக்கொள்வார். அவர் பிடி. இன்னொருவர் குழாயின் நுனியில் ஏறி, பேருந்தின் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு குதிப்பார். அவர் மிதி. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது குதியில் நட்டு 'டக்' என்று விடும். விட்டதும் குழாய் கீழே போகும்; குழாயோடு மிதியும் தரைக்குப் போவார். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது நட்டு. இப்படிப் பத்தொன்பது வருடம்.

மிதி, பிடியின் தங்கை புருஷன். முதலில் கூட வேலை செய்கிறவராகத்தான் வந்தார். பிடி அவரை நான்கு வருடம் பக்கத்திலிருந்து பார்த்து, குழாய் மீது நிற்கும்போதுகூடக் கீழே இருப்பவன் விரல் நசுங்கிவிடுமோ என்று குனிந்து பார்க்கிற ஆள் இவர் ஒருவர்தான் என்று முடிவு செய்து, தங்கையைக் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கொட்டகையில் மச்சான், மாப்பிள்ளை என்ற இரண்டு சொற்களும் ஸ்பேனர் சத்தமும்தான் கேட்கும்.

வலி முதலில் இடுப்பில் தொடங்கியது. பிறகு இடது கால் கட்டைவிரல் மரத்துப்போனது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால் மிதிக்குத் தெரியவில்லை. பின்னால் வருகிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை நெருக்குகிறது, இனிமேல் அதிரவே கூடாது, பெரிதாக ஒரு அடி பட்டால் இரண்டு காலும் போய்விடும் என்றாராம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "குதிக்கிற வேலை" என்று மிதி சொல்லியிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாராம்.

லேசான வேலைக்கு மாற்றச் சொல்லி டாக்டர் சீட்டோடு ஒரு மனு போனது. சக்கரப் பிரிவில் எல்லா வேலையும் கனமான வேலை என்பதால் லேசான வேலை என்று ஒன்று அங்கே இல்லை எனப் பதில் வந்தது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அன்று சாயங்காலம் தங்கை பிடியைத் தனியே கூப்பிட்டு, "அண்ணா, அவரைக் குதிக்க விடாத" என்று மட்டும் சொன்னாளாம். மறுநாள் காலை அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு கன் வேணும்" என்றார். "ஒரு இஞ்ச் கன். எப்படி எழுதணும்னு சொல்லுங்க."

கன் என்றால் என்னவென்று எனக்கே தெரியும். சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிற எந்தக் கடையிலும் அது தொங்கும். காற்றுக் குழாயில் மாட்டி, விசையை அழுத்தினால், உள்ளேயிருந்து தட்டித் தட்டி நட்டைச் சுழற்றிக் கழற்றிவிடும். காருக்கு அரை இஞ்ச் போதும். பேருந்துக்கும் லாரிக்கும் ஒரு இஞ்ச் வேண்டும். கூடவே தடிமனான காற்றுக் குழாயும் கொஞ்சம் பெரிய கம்பிரசரும். பிடி இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தார். நான் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த அரைப் பக்கத்தை அப்படியே யாராவது கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு குழு அமைந்தது. பெயர், கனரக வாகனச் சக்கர நட்டுத் தளர்த்தல் மற்றும் இறுக்கல் கருவித் தேர்வுக் குழு. கன் என்ற சொல் ஆயுதத்தைக் குறிக்கிறது என்று ஒருவர் ஆட்சேபித்ததால் அதற்குக் காற்றழுத்தத் தாக்குவிசைத் திருகி என்று பெயர் வைத்தார்கள். குழுவின் தலைவர் கால அட்டவணைப் பிரிவிலிருந்து வந்தவர். பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதைத் தவிர பேருந்தைப் பற்றி அவருக்கு எந்த விருப்பு வெறுப்பும் கிடையாது. அதனாலேயே நடுநிலையானவர் என்று போட்டார்கள். இன்னொருவர் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

முதல் கூட்டத்துக்குக் கம்பெனிக்காரர் ஒருவர் மூன்று கன்களைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார். ஒன்று சின்னது, வெள்ளி நிறம், பார்க்க அழகாக இருந்தது. ஒன்று நடுத்தரம். மூன்றாவது கறுப்பாக, நீளமான மூக்கோடு, தூக்கவே இரண்டு கை தேவைப்படுவது. கதவோரம் நின்றிருந்த பிடி அந்தக் கறுப்பைக் காட்டி, இதுதான் சார் என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"நீங்க பயனாளி. பயனாளி தேர்ந்தெடுத்தா அதுக்குப் பேரு தேர்வு இல்லைங்க, ஆசை. தேர்வுன்னா, வேண்டியவங்க வெளியில இருக்கணும், வேண்டாதவங்க உள்ள இருக்கணும்."

பிடி வெளியே போய் நின்றுகொண்டார். பிறகு பாதுகாப்பு அதிகாரி பேசினார். காற்றுக் கருவி சத்தம் போடும், காதுக்குக் கெடுதல். குழாயில் ஏறிக் குதிப்பதில் அந்தக் கேடு இல்லை என்றார். குதிப்பதால் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று தலைவர் கேட்டார். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். குதிப்பது அங்கீகரிக்கப்பட்ட முறை இல்லை, அங்கீகரிக்கப்படாத முறையில் வேலை நடக்க வாய்ப்பில்லை, நடக்காத வேலையில் விபத்து எப்படி வரும் என்று கேட்டார். அது நியாயமாகப் பட்டதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெள்ளி நிறக் கன்னைத் தலைவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே சோதித்துப் பார்க்கலாம் என்றார். கொட்டகை வரைக்கும் நடக்க வேண்டியிருந்ததால் வாசலில் நின்ற அவருடைய காரிலேயே சோதித்தார்கள். கார் நட்டு நிமிடத்தில் கழன்றது. தலைவர் கைதட்டினார். இது கார் நட்டு சார், பஸ் நட்டுல வெச்சா கொட்டிக்கிட்டே இருக்கும், அசையாது என்று பிடி வெளியிலிருந்து சொல்லிப் பார்த்தார். நட்டு நட்டுதான் என்று பதில் வந்தது. கம்பெனிக்காரரே தயங்கி, பேருந்துக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று ஓர் எண் கொடுத்தால் நல்லது என்றார்.

எண் யாரிடமும் இல்லை. தலைவர் பிடியை உள்ளே கூப்பிட்டார். எவ்வளவு விசையில் நட்டு கழலுகிறது என்று கேட்டார். பிடி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "மாப்பிள்ளை மூணு குதி குதிச்சா விடும் சார். மழைக்காலத்துல நாலு."

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். எண் இல்லாமல் நிபந்தனை எழுத முடியாது, நிபந்தனை இல்லாமல் டெண்டர் இல்லை, அதனால் கோப்பை மூடி வைத்துவிடலாம் என்றார். பிடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் வாய் திறந்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு கூட்டத்தில் நான் பேசியது அந்த ஒரு தடவைதான். 'பணிமனையில் தற்போது பணியிலுள்ள தொழிலாளி நான்கடிக் குழாயின் நுனியில் மூன்று முறை குதிப்பதற்கு நிகரான விசை' என்று போட்டால் போதுமா சார் என்று கேட்டேன். தலைவர் முகம் மலர்ந்தது. பிரமாதம், எழுதிக்கோங்க என்றார். பிடி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த வரி என்னுடையது. இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிக்கொண்டாலும் அது வேறு யாருடையதாகவும் மாறவில்லை.

அந்த வரி நிபந்தனையில் ஏறியதும் நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், குதிப்பது அங்கீகரிக்கப்பட்ட முறை ஆயிற்று. அங்கீகரிக்கப்பட்டுவிட்டதால் குதிக்கும்போது அணிய மிதிக்கு ஒரு தலைக்கவசம் வந்தது. பிறகு, குதிக்கிற ஆளின் எடை தெரியாமல் விசை எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி வந்தது. மிதியைச் சரக்கு நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். அறுபத்தொரு கிலோ. அதற்கு அடிப்படை விசை என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது: தேர்வு முடியும்வரை அடிப்படை விசையின் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, அடிப்படை விசை நீண்ட விடுப்பில் செல்லக் கூடாது, அடிப்படை விசையை வேறு பிரிவுக்கு மாற்றக் கூடாது. மிதி அதை என்னிடம் கொண்டுவந்து, "இது யாரைச் சொல்றாங்கக்கா?" என்று கேட்டார். உங்களைத்தான் என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுத்து எல்லாம் அழகாக அடித்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் எங்கள் பழைய பேருந்துகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் மறுபக்கமாகத்தான் கழலும் என்பது தலைவருக்குத் தெரியவந்தது. சக்கரம் சுற்றும்போது நட்டு தானாகத் தளரக் கூடாது என்பதற்காக அப்படி மரை வெட்டியிருப்பார்கள். கொட்டகையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தலைவருக்கு அது ஒரு பெரிய முறைகேடாகத் தோன்றியது. ஒரே கருவியை இரண்டு எதிரெதிர் வேலைக்கு வாங்கினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று குழுவை இடப்பக்கக் குழு, வலப்பக்கக் குழு என்று பிரித்தார். கன்னிலேயே ஒரு சின்ன நெம்பு இருக்கிறது சார், இப்படித் தட்டினால் அந்தப் பக்கம், அப்படித் தட்டினால் இந்தப் பக்கம் என்று பிடி போய்ச் சொன்னார். நெம்பு நிபந்தனையில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. நிபந்தனையில் இல்லாத நெம்பைக் குழு பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இடப்பக்கக் குழு ஏழு மாதம் கூடியது. அதன் உறுப்பினருக்கு மாற்றல் வந்த பிறகு, மறுபடி இரண்டையும் ஒன்றாக்க மூன்று மாதம்.

அந்த மாதங்களில் கொட்டகையில் என்ன நடந்தது என்பது என் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியும். குழாயில் ஏறிக் குதித்தது மிதி இல்லை. பிடி. மிதியைக் கீழே ஸ்பேனரைப் பிடிக்க வைத்துவிட்டு, தங்கையிடம் கொடுத்த வாக்குக்காக, ஐம்பத்திரண்டு வயதில், பெருத்த உடம்போடு அவர் ஏறிக் குதித்தார். பழக்கமில்லாத கால். நட்டு விடும்போது எப்படி மடங்கி இறங்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு தடவை குப்புற விழுந்தார். ஒருமுறை முன்பல் உடைந்தது. நான் ஜன்னலை மூடவில்லை. பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்தேன்.

ஒருநாள் பாதுகாப்பு அதிகாரி அந்தப் பக்கம் வந்து இதைப் பார்த்துவிட்டார். பிடிக்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது: அங்கீகரிக்கப்பட்ட முறையை அங்கீகரிக்கப்படாத நபர் கையாண்டது ஏன்? என்ன பதில் எழுதுவது என்று பிடி என்னைக் கேட்டார். உண்மையை எழுதலாமா என்றேன். எழுதினால் மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று குழுவுக்கும் தெரிந்துவிடும், அப்புறம் நிபந்தனையே செல்லாது என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்றார். அவர் எங்கள் அலுவலகத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். உடற்பயிற்சிக்காக ஏறினேன் என்று எழுதிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் ஒப்பீட்டுச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். மூன்று கன்களையும் அடிப்படை விசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. எது குறையவில்லையோ அதை வாங்குவது. முதலில் அடிப்படை விசை ஒரு சக்கரத்தின் பத்து நட்டையும் கழற்றிக் காட்ட வேண்டும்.

பிடி தலைவரின் அறைக்கு நேராகப் போனார். நானும் கூடப் போனேன், கையெழுத்து வாங்குகிற சாக்கில். இந்தத் தடவை அவர் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் சீட்டை மேஜையில் வைத்து, மாப்பிள்ளை இனிமே குதிக்கக் கூடாதுங்க சார், அதுக்காகத்தான் இந்தக் கன்னே கேட்டோம், வேணும்னா நான் குதிக்கிறேன் என்றார். தலைவர் சீட்டை முழுவதும் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார். "ஆனா நீங்களே யோசிங்க. அவர் குதிக்கக் கூடாதுங்கறதுக்காகத்தான் கருவி வாங்கறோம். அவர் குதிச்சுக் காட்டலைன்னா கருவி எதுக்குன்னு கேப்பாங்க. இன்னும் பத்தே பத்து நட்டு. அப்புறம் அவர் வாழ்நாள்ல குதிக்க வேண்டாம்னு நான் எழுதியே தர்றேன்."

வெளியே வந்து மிதியிடம் சொன்னோம். அவர் மரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "பத்து நட்டுதானே மச்சான். குதிச்சிடறேன். அதுக்கப்புறம் உங்களுக்கும் பல்லு மிஞ்சும்" என்றார். பிடி சிரிக்கவில்லை. தங்கச்சிகிட்ட சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கே நான் ஒரு போன் போட்டு அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் வந்து தலைவரின் மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

சோதனை நாள் காலை கொட்டகையில் நாற்காலிகள் போட்டார்கள். பிஸ்கட் வந்தது. தலைவர் கையில் நேரம் பார்க்கிற கடிகாரம் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் அவருக்குப் பிடிக்கத் தெரியும். மிதியைத் தராசில் ஏற்றினார்கள். ஐம்பத்தேழு கிலோ. வலியில் சாப்பாடு இறங்காமல் நாலு கிலோ குறைந்திருந்தார். குழு கூடிக் கூடிப் பேசியது. சோதனையைத் தள்ளிவைத்தால் இன்னும் ஆறு மாதம் ஆகும். பாதுகாப்பு அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். பழைய நட்டுகளை ஒரு சாக்குப் பையில் போட்டு, தராசில் வைத்துச் சரியாக நாலு கிலோ நிறுத்து, மிதியின் தோளில் மாட்டினார்கள். இப்போது அறுபத்தொன்று. எல்லோருக்கும் திருப்தி.

பிடி ஸ்பேனரை மாட்டி அழுத்திக்கொண்டார். மிதி தலைக்கவசத்தோடும் பையோடும் குழாயில் ஏறினார். முதல் நட்டு மூன்று குதியில் விட்டது. இரண்டாவதும். இறங்கும் ஒவ்வொரு தடவையும் மிதியின் வாயிலிருந்து ஒரு சின்ன மூச்சு வந்தது. மூன்று, நான்கு. போதும் சார், போதும் என்று பிடி சொன்னார். தலைவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தி, குறுக்கே பேச வேண்டாம் என்று காட்டினார். ஐந்து, ஆறு.

ஏழாவது நட்டு நான்கு குதிக்குப் பிறகு விட்டது. மிதி தரையில் இறங்கினார். நின்றபடியே இருப்பார் போலத்தான் இருந்தது. பிறகு மெதுவாக உட்கார்ந்தார். முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிடி ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்" என்றார் மிதி, "என் கால் தரையில இருக்கா?"

பிடி குனிந்து பார்த்தார். இருந்தது. இரண்டும் தரையில்தான் இருந்தன. அவர் அவற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருக்கு மாப்பிள்ளை, இருக்கு, நான் பிடிச்சிட்டிருக்கேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மிதிக்கு அந்தப் பிடி தெரியவில்லை. தூக்கும்போது சாக்குப் பை கவிழ்ந்து நட்டுகள் கொட்டகை முழுவதும் உருண்டன. தலைக்கவசம் போட்டிருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளும்படி பாதுகாப்பு அதிகாரி என்னிடம் சொன்னார். குறித்துக்கொண்டேன். கை அதுவாகவே எழுதியது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் பிடியிடம், அந்த வரியை எழுதியது நான்தான், என்னை நாலு வார்த்தை திட்டுங்கள் என்றேன். உங்ககிட்ட நம்பர் கேட்டாங்க, இல்லாத நம்பருக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச தூரத்தில் தங்கை நின்றிருந்தாள். அவள் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

குழு நான்கு நாளில் மறுபடி கூடியது. இவ்வளவு சீக்கிரம் அது கூடி நான் பார்த்ததில்லை. மூன்று நட்டு பாக்கி இருக்கும்போதே அடிப்படை விசை நின்றுபோனதால் சோதனை செல்லுமா என்று கேள்வி. தலைவர் இரண்டு நாள் தூங்காதவர் போல இருந்தார். ஆனால் பேச ஆரம்பித்ததும் அவர் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"நம்ம நிபந்தனை என்ன? கருவியோட விசை அடிப்படை விசைக்குக் குறையக் கூடாது. அடிப்படை விசை இன்னைக்கு எவ்வளவு? பூஜ்யம். பூஜ்யத்துக்குக் குறைஞ்ச கருவி உலகத்துல எங்கயும் கிடையாது. அதனால மூணு கருவியுமே தகுதி பெறுது. என் அனுபவத்துல இவ்வளவு சிக்கல் இல்லாம முடிஞ்ச தேர்வு இதுதான்."

மூன்றில் எதை வாங்குவது என்று ஒருவர் கேட்டார். எல்லாம் சமம் என்று ஆன பிறகு பயனாளி ஆசைப்பட்டால் தவறில்லை என்று தலைவர் சொல்லி, பிடியைக் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து அதே சட்டையோடு வந்தார். உங்களுக்கு எது வேணும் என்று கேட்டார்கள். பிடி மேஜையைப் பார்த்தார். கறுப்பை நோக்கி ஒரு விரலை நீட்டினார். தேர்வு முடிந்தது. குழு தன்னைத் தானே பாராட்டி ஒரு தீர்மானம் போட்டது, அடித்துக் கொடுத்தேன்.

கன் மூன்று வாரத்தில் வந்தது. தடிமனான குழாயும் கம்பிரசரும் வந்தன. திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்காததால் பிடி தானாகவே ஒருநாள் காலை அதை மாட்டினார். நான் ஜன்னலில் இருந்தேன். சக்கரத்துக்கு முன்னால் முட்டி போட்டு, நட்டில் வைத்து, விசையை அழுத்தினார். ஒரு உறுமல்; நட்டு சுழன்று கையில் வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. என் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்: பத்து நட்டும் நாற்பது விநாடி. பிடி கன்னைத் தரையில் வைத்துவிட்டு, கழன்ற நட்டுகளைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு சக்கரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அப்படி அழுகிற ஆணை நான் அதுவரை பார்த்ததில்லை. போய்ப் பக்கத்தில் நிற்கக்கூட எனக்கு யோக்யதை இல்லை என்று தோன்றியது.

மத்தியானம் அவரே என் மேஜைக்கு வந்தார். இன்னைக்கு மாப்பிள்ளையப் பாக்கப் போறேன், கன் வந்துடுச்சான்னு தினமும் கேக்கறார், தனியாப் போய்ச் சொல்ல முடியலக்கா, நீங்களும் வாங்க என்றார்.

மிதியின் கட்டிலை முன்னறையில் ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே போர்த்தியிருந்தது; போர்வைக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து கட்டில் காலில் கட்டிய பையில் இறங்கியது. தங்கை அவரைப் பக்கவாட்டில் புரட்டி முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மிதியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த காரியத்தை அவரே ஆரம்பித்தார்.

"மாட்டிட்டீங்களா மச்சான்? எப்படி இருக்கு? ஒரு சக்கரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

பிடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சுமார்தான் மாப்பிள்ளை" என்றார். "சத்தம்தான் பெருசு. நாலஞ்சு நட்டு கழலுது. மத்ததுல சும்மா சுத்துது. அரை மணி நேரம் மல்லுக் கட்டினேன்."

மிதி என்னைப் பார்த்தார். படித்தவள், எழுதுகிறவள், நான் சொன்னால் நம்புவார்.

"ஆமாங்க" என்றேன். "நான் ஜன்னல்லேருந்து பாத்தேன். ரொம்பக் கஷ்டப்பட்டார்."

தங்கையின் கை அவர் முதுகில் நின்றது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் தன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடி பவுடர் போட ஆரம்பித்தாள்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் மிதி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எந்த நட்டு எப்ப விடும்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? காலுக்குத்தான் தெரியும். ரெண்டு மாசம் எப்படியாவது சமாளிங்க மச்சான். நான் எந்திரிச்சு வந்துடறேன்."

"சரி மாப்பிள்ளை" என்றார் பிடி. "சீக்கிரம் வாங்க. தனியா முடியல."